ஆற்றுணா முதல் தொடர்வண்டி உணவு வரை: வழிப்பயணத்தில் உடல்நலம் பேணிய மரபும் அதன் மாற்றமும்

முன்னுரை

வழிச்செல்வோர் உண்ணும் உணவு, தமிழ் இலக்கிய ஆய்வுகளில் விருந்தோம்பலின் ஒரு கூறாகவே பெரிதும் நோக்கப்பட்டு வந்துள்ளது. உணவளித்தோரின் வண்மை பேசப்பட்ட அளவிற்கு, உண்டோரின் உடல்நலம் பேசப்படவில்லை. காலால் நடந்தும் மாட்டு வண்டியிலும் பல நாள், பல திங்கள் சென்ற காலத்தில், இடைவழியில் வயிறு கெடுவது சிறு தொல்லையன்று. பயணம் அங்கேயே நின்றது. சில வேளைகளில் உயிரும் அங்கேயே நின்றது. எனவே எதனைக் கட்டிக்கொண்டு செல்வது, எந்த நீரைப் பருகுவது, யார் சமைத்ததை ஏற்பது என்பன வழிப்போக்கரின் வாழ்வையொட்டிய வினாக்களாக இருந்தன.

அவ்வினாக்களுக்கு நம் முன்னோர் கண்ட விடைகளை இலக்கியம், கல்வெட்டு, ஆவணம், பயணநூல் ஆகியவற்றின் துணைகொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. வழியுணவின் நலத்திற்குப் பயணியும் வழியிலுள்ள ஊரும் ஒருசேரப் பொறுப்பேற்ற நிலை முற்காலத்தில் இருந்தது என்பதும், தொடர்வண்டியின் வரவால் அப்பொறுப்பு இரு தரப்பிடமிருந்தும் நழுவியது என்பதும், அவ்விடைவெளியில் சாதித் தீட்டு தன்னைச் சுகாதாரமாகக் காட்டிக்கொண்டது என்பதும் இக்கட்டுரையின் கருத்துகளாகும்.

சொல் காட்டும் வரலாறு

‘ஆறு’ என்பதற்கு வழி என்னும் பொருளும் உண்டு. அவ்வழியில் உண்ணுதற்குரியது ‘ஆற்றுணா’. பழமொழி நானூறு இச்சொல்லை ஆள்கிறது. கற்றவனுக்கு எந்நாடும் தன் நாடே ஆதலால் அவன் வழியுணவு கொண்டு செல்ல வேண்டுவதில்லை என்பது அப்பாடலின் கருத்து. கல்வியின் பெருமை கூறவந்த பாடலாயினும், கல்லாத பிறர் அனைவரும் உணவைக் கட்டிக்கொண்டே புறப்பட்டனர் என்னும் நடைமுறையும் அதனுள் பதிந்துள்ளது. நாலடியார் ‘தோட்கோப்பு’ என்னும் சொல்லால் இதனைச் சுட்டுகிறது. தோளில் கோத்துச் செல்லும் உணவு என்பது இதன் பொருள். மறுமைக்குத் துணையாகும் அறத்தை உரிய காலத்தில் தேடிக்கொள்ளுமாறு கூறும் இடத்தில், அந்நூல் இவ்வுணவையே உருவகமாக்குகிறது. உருவகமாகும் அளவிற்கு அது மக்களுக்கு நன்கு பழகிய பொருளாக இருந்திருத்தல் வேண்டும்.

பின்னர்ப் பொதிசோறு, கட்டமுது, கட்டுச்சோறு என்னும் சொற்கள் வழக்கில் வந்தன. திருப்பைஞ்ஞீலிக்குச் செல்லும் வழியில் பசித்து வாடிய திருநாவுக்கரசருக்கு இறைவன் பொதிசோறு அளித்ததாகவும், திருக்குருகாவூர்ச் செலவில் சுந்தரருக்குத் தண்ணீர்ப்பந்தல் அமைத்துக் கட்டமுது வழங்கியதாகவும் பெரியபுராணம் கூறுகிறது. இறைவன் வழங்கியதும் வழிநடை மக்கள் வழக்கமாகக் கட்டிச்சென்ற உணவே என்பது நோக்கத்தக்கது.

ஆற்றுப்படை நூல்களில் வழியுணவு

ஆற்றுப்படை நூல்கள் வள்ளலிடம் செல்லும் வழியைக் கூறுவன. அவ்வழியில் எங்கெங்கு என்னென்ன உணவு கிடைக்கும் என்பதையும் அவை நிரல்படக் கூறுகின்றன. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் எயினர் குடியிருப்பில் புல்லரிசிச் சோறும் உலர்த்திய இறைச்சியும், கோவலர் குடியில் பாலுடன் தினைச்சோறும், உழவர் மனையில் நெற்சோறும் கோழிப் பொரியலும், அந்தணர் இல்லத்தில் மிளகும் கறிவேப்பிலையும் சேர்த்து வெண்ணெயில் வெந்த மாதுளங்காயும் மாவடுவும் கிடைக்கும் எனப் பாணனுக்குச் சொல்லப்படுகிறது. சிறுபாணாற்றுப்படை வேலூரில் புளியிட்ட சூடான சோற்றைக் காட்டுகிறது. மலைபடுகடாத்தில் நெல்லும் அவரையும் புளியும் கூடிய கூழ், மலைவழியில் நடந்த வருத்தம் நீங்கும்படி குடிசைதோறும் கிடைக்கும் எனக் கூறப்படுகிறது.

இவற்றினின்று இரு செய்திகளை அறியலாம். ஒன்று, வழிச்செல்வோன் ஒவ்வொரு நிலத்திலும் அந்நிலத்தில் விளைந்து, அன்று சமைத்த உணவையே பெற்றான். இரண்டு, அவ்வுணவு பசியோடு நடைவருத்தத்தையும் தீர்க்கும் என்னும் எண்ணம் வெளிப்படையாகவே பேசப்பட்டது.

மிகுதியாக உண்ணும் இடரும் இந்நூல்களில் உண்டு. கரிகாலனிடம் விருந்துண்ட பொருநன், இரவும் பகலும் ஊன் தின்று தன் பற்கள் மழுங்கியதாகக் கூறுவது பொருநராற்றுப்படையில் வரும் நகைச்சுவையான செய்தி. நெடுநாள் பசித்தவனுக்குத் திடீரெனக் கிடைத்த பெருவிருந்தை அது காட்டுகிறது. முன் உண்டது செரித்ததை அறிந்து, உடலோடு மாறுபடாத உணவை அளவறிந்து உண்ணுமாறு திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் வலியுறுத்துவதை இத்துடன் வைத்து நோக்கலாம். உண்ணும் நேரமும் அளவும் தன் கையில் இல்லாத வழிப்போக்கனுக்கே அவ்வறிவுரை மிகவும் பொருந்துவதாகும்.

கட்டுச்சோற்றின் நுட்பம்

வழியில் ஊரில்லாத இடங்களும் இருந்தன. அங்குக் கையில் உள்ளதே உணவு. உப்பு வணிகராகிய உமணர் தம் குடும்பத்தோடு வண்டிகளில் சென்று வழியிலேயே அடுப்பு மூட்டிச் சமைத்தனர். அவர்கள் விட்டுச்சென்ற அடுப்புகளில் பின்வந்தோர் சமைத்த காட்சி அகநானூற்றில் உண்டு. உமணரின் வண்டியில் காடி வைத்த கலம் கயிற்றால் கட்டப்பட்டிருந்ததாகப் பெரும்பாணாற்றுப்படை கூறுவது இங்குச் சிறப்பாகக் கருதத்தக்கது. உப்பை விற்கச் சென்றவர்கள் புளிப்பையும் உடன்கொண்டு சென்றனர்.

உப்பு, புளிப்பு, உலர்த்தல் ஆகிய மூன்றுமே இந்திய வழியுணவின் அடிப்படைகள். வெந்த சோறு வெதுவெதுப்பான நிலையில் நெடுநேரம் இருப்பின் அதில் பேசில்லஸ் சீரியஸ் என்னும் நுண்ணுயிரி பெருகும். அதன் வித்துகள் கொதிநீரிலும் அழிவதில்லை. சோறு ஆறும்போது அவை முளைத்து நஞ்சை உண்டாக்கும். இதனைத் தடுக்கும் வழிகள் பல நம் கட்டுச்சோற்றில் அமைந்துள்ளன. புளியோதரை செய்வோர் முதலில் சோற்றை அகன்ற தாம்பாளத்தில் பரப்பி ஆற்றுவர். இதனால் ஈரம் ஆவியாகும். சோறும் விரைவில் குளிரும். பின்னர் நல்லெண்ணெய், உப்பு, மஞ்சள், வெந்தயம், பெருங்காயம் சேர்த்துச் சுண்டக் காய்ச்சிய புளிக்காய்ச்சலைக் கலப்பர். புளியின் அமிலம் நுண்ணுயிர்ப் பெருக்கத்தைக் கட்டுப்படுத்துகிறது. விரைவில் கெடும் தேங்காயும் வெங்காயமும் இதில் இடம்பெறுவதில்லை. தயிர்ச்சோறு கட்டுவோர் சோற்றில் பாலை மிகுதியாக ஊற்றிச் சிறிதளவே தயிர் கலப்பர். வழியிலேயே பால் உறைந்து, உண்ணும் வேளையில் அளவான புளிப்போடு இருக்கும். தணலில் வாட்டிய வாழையிலை மடிக்கும்போது கிழியாது. இவ்வறிவு அடுக்களையில் தாயிடமிருந்து மகளுக்கு வந்தது. ஏட்டில் ஏறியது குறைவே.

உலர்ந்த உணவு இந்தியா முழுமைக்கும் பொது. புத்தர் ஞானம் பெற்றபின் அவருக்கு முதலில் உணவளித்தோர் தபுசன், பல்லிகன் என்னும் வழிச்செல் வணிகர் இருவர் என்று வினயபிடகத்தின் மகாவக்கம் கூறுகிறது. அவர்கள் அளித்தவை வறுத்த மாவும் தேன் கலந்த உருண்டையுமாகும். வணிகரின் மூட்டையில் அன்றிருந்த வழியுணவு அதுவே எனக் கொள்ளலாம். இன்றும் பீகாரில் வறுத்த கடலையை அரைத்த சத்து மாவை நீரும் உப்பும் சேர்த்துக் கரைத்துக் குடிக்கின்றனர். குசராத்தியர் எண்ணெயிட்டுச் சுட்ட தேப்லாவை நெடும்பயணத்திற்கு எடுத்துச் செல்கின்றனர். கண்ணனைக் காணச் சென்ற குசேலரின் கையில் இருந்ததும் நெடுநாள் கெடாத அவலே.

நீரின் சிக்கல்

உணவைக் கட்டிச் செல்லலாம். பல நாளுக்கு வேண்டிய நீரைக் கட்டிச் செல்ல இயலாது. ஆதலால் நீரைப் பொறுத்தவரை வழிப்போக்கன் ஊரையும் அரசையுமே நம்பியிருந்தான். சாலையோரங்களில் மாந்தருக்கும் விலங்குகளுக்கும் கிணறுகள் வெட்டி மரங்கள் நட்டதை அசோகர் தம் இரண்டாம் பாறைக் கட்டளையில் பொறித்துள்ளார். மருத்துவ உதவி பற்றிப் பேசும் அக்கட்டளையிலேயே சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் ஆகியோரின் நாடுகளும் சுட்டப்பெறுகின்றன. ஏழாம் தூண் கட்டளை தங்குமிடங்களையும் நீர்நிலையங்களையும் குறிக்கிறது. தமிழகத்தில் திங்களூர் அப்பூதியடிகள் திருநாவுக்கரசர் பெயரில் தண்ணீர்ப்பந்தல் அமைத்தார் என்பது பெரியபுராணச் செய்தி. தண்ணீர்ப்பந்தலுக்கும் உணவுச்சாலைக்கும் நிலம் விடப்பட்டதைக் கல்வெட்டுகள் கூறுகின்றன. உணவுச்சாலைக்குரிய நிலம் ‘சாலாபோகம்’ எனப்பட்டது.

பயணியும் தன் பங்கிற்கு நீரைக் காத்துக்கொண்டான். 671 முதல் 695 வரை இந்தியாவிலும் தென்கடல் நாடுகளிலும் பயணம் செய்த சீனத்துறவி இத்சிங், பௌத்தத் துறவியர் நீர் வடிகட்டும் துணியை எப்போதும் உடன்வைத்திருந்ததையும், பருகும் நீருக்கும் கழுவும் நீருக்கும் வெவ்வேறு கலங்கள் கொண்டிருந்ததையும் விரிவாக எழுதியுள்ளார். நீரிலுள்ள சிற்றுயிர்களைக் கொல்லாமை அவர்களின் நோக்கம். நோக்கம் அறமாயினும், உடல்நலமும் அதனால் ஓரளவு காக்கப்பட்டது. ஆற்றுநீர், கிணற்றுநீர், வெந்நீர் ஆகியவற்றின் தன்மைகளைத் தனித்தனியே கூறும் பதார்த்த குண சிந்தாமணி போன்ற நூல்களும் இவ்வகை அறிவின் தொடர்ச்சியே. கோடையில் தண்ணீர்ப்பந்தல்களில் வழங்கிய உப்பிட்ட நீர்மோர், வியர்வையில் இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்தது.

சத்திரமும் பத்தியமும்

பிறர் சமைத்ததை உண்ணாத நோன்பினரான பயணிகளும் இருந்தனர். மதுரையை அடைந்த கோவலனும் கண்ணகியும் சாவக நோன்பிகள் என்பதறிந்து, மாதரி அவர்களுக்குப் புதுக்கலங்களோடு பலாக்காய், வெள்ளரிக்காய், மாதுளங்காய், மாம்பழம், வாழைப்பழம், சாலியரிசி, பால் ஆகியவற்றைக் கொடுக்கச் செய்தாள். கண்ணகி தானே சமைத்தாள். வழிவந்தோரின் ஒழுக்கத்திற்கு ஏற்பச் சமையாத பொருளை வழங்கும் இம்முறை, பல நூற்றாண்டுகளுக்குப் பின்னர்த் தஞ்சை மராத்தியர் சத்திரங்களிலும் தொடர்ந்தது.

இராமேசுவரம் செல்வோருக்காகத் தஞ்சை மராத்திய அரசர்கள் வழிநெடுகச் சத்திரங்கள் கட்டினர். 1799 உடன்படிக்கையால் ஆட்சி கும்பினியின் கைக்குச் சென்றபின், அச்சத்திரங்களுக்குரிய ஊர்களின் வருவாய் நின்றுவிடுமோ என்னும் அச்சம் எழுந்தது. இரண்டாம் சரபோசி 1801இல் ஆங்கில ரெசிடெண்ட் பெஞ்சமின் டோரினுக்கு எழுதிய மடல் இச்சூழலில் பிறந்தது. அதில் சத்திரங்களின் பணிகளை அவர் விளக்குகிறார். எல்லாச் சாதியைச் சேர்ந்த பயணிகளுக்கும் சோறு வழங்கப்பட்டது. சமைத்ததை ஏற்காதோருக்கு அரிசியும் பிற பொருள்களும் அளிக்கப்பட்டன. நள்ளிரவில் மணி அடித்து, உண்ணாதோர் எவரேனும் உளரா என அழைக்கப்பட்டது. நோயுற்ற பயணிகளுக்கு மருந்தோடு அந்நோய்க்கேற்ற உணவும் குணமாகும்வரை கொடுக்கப்பட்டது. மருத்துவர் அங்கேயே இருந்தனர். குழந்தைகளுக்குப் பால் தரப்பட்டது. கருவுற்ற பெண்கள் பரிவுடன் பேணப்பட்டனர்.

இம்மடல் பெரும்பாலும் அறக்கொடைக்குச் சான்றாகவே எடுத்தாளப்படுகிறது. உணவு வரலாற்று நோக்கில் அதன் முதன்மை வேறு. பயணிகள் அனைவருக்கும் ஒரே உணவு என்னும் நிலையிலிருந்து, பயணியின் உடல்நிலைக்கேற்ற உணவு என்னும் நிலைக்கு ஒரு பொது நிறுவனம் வந்திருந்தமையை அது காட்டுகிறது. பத்தியம் என்னும் கருத்து வீட்டின் எல்லையைக் கடந்து சாலைக்கு வந்துவிட்டது. ஆயினும் இது ஒரு வேண்டுகோள் மடல். நிறைகளைக் கூறுவதே அதன் நோக்கம் என்பதையும், அரிசியாகவும் சோறாகவும் வழங்கும் முறை சாதி வேறுபாட்டை ஏற்றே அமைந்தது என்பதையும் மறத்தலாகாது.

சத்திரம் இல்லாத பாதையில் பயணி எவ்வளவு முன்னேற்பாடு செய்ய வேண்டியிருந்தது என்பதை ஏனுகுல வீராசாமியின் தெலுங்கு நூலான காசியாத்திரை சரித்திரம் காட்டுகிறது. சென்னை உச்சநீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றிய அவர், 1830 மே மாதத்தில் பெருங்குழுவோடு புறப்பட்டு 1831 செப்டம்பரில் திரும்பினார். 1838இல் அந்நூல் அச்சாகியது. தங்கிய ஊர்களில் பொருள்கள் கிடைக்குமா, நீர் எத்தகையது, தங்குவதற்கு இடமுண்டா என்பனவற்றை அவர் குறித்துச் செல்கிறார். வள்ளலைப் பாடும் நோக்கம் அவருக்கு இல்லை. பின்வருவோருக்கு வழிகாட்டும் நோக்கம் உண்டு. அவ்வகையில் ஆற்றுப்படையின் பயன்பாட்டுக் கூறு உரைநடையில் மீண்டும் வெளிப்பட்டது எனலாம்.

தொடர்வண்டியும் பொறுப்பின் நழுவலும்

1853இல் பம்பாய்–தாணே இடையேயும், 1856 சூலை 1ஆம் நாள் இராயபுரம்–வாலாசா சாலை இடையேயும் தொடர்வண்டி ஓடத் தொடங்கியது. பல நாள் நடை சில மணிநேரமாகச் சுருங்கியது. சத்திரங்கள் இருந்த பழைய பாதைகளை விட்டு மக்கள் விலகினர். வண்டி நிற்கும் சில நிமிடங்களுக்குள் வாங்கி உண்ண வேண்டியதாயிற்று. சமைத்தவர் யார், எப்போது சமைத்தார், எந்த நீரில் சமைத்தார் என்பவற்றை அறியப் பயணிக்கு வாய்ப்பில்லை. விற்றவரும் உண்டவரை மீண்டும் காணப்போவதில்லை. முன்பு ஊரின் நற்பெயர் உணவோடு பிணைந்திருந்தது. அப்பிணைப்பு இப்போது அறுந்தது.

பெருங்கூட்டம் ஓரிடத்தில் கூடிக் கலைவதன் கேட்டையும் அக்காலம் கண்டது. 1867இல் அரித்துவாரக் கும்பமேளாவில் தோன்றிய வாந்திபேதி, திரும்பிச் சென்ற பயணிகளோடு வட இந்தியாவெங்கும் பரவியது. இந்நோய் குடிநீர் வழியே பரவுவதை இலண்டனில் 1854இல் சான் சுநோ காட்டியிருந்தார். 1884இல் இராபர்ட்டு கோக் கல்கத்தாவில் ஆய்ந்து அதன் நுண்ணுயிரியை உறுதிசெய்தார். அறிவு வளர்ந்ததாயினும் மூன்றாம் வகுப்புப் பயணியின் நிலை உடனே மாறவில்லை. 1917இல் பம்பாயிலிருந்து சென்னைக்கு மூன்றாம் வகுப்பில் வந்த காந்தியடிகள், இந்திய இரயில்வேயில் மூன்றாம் வகுப்புப் பற்றித் தாம் எழுதிய சிறுநூலில், தேநீர் என்ற பெயரில் விற்கப்பட்ட கலங்கல் நீரையும் அழுக்கான சர்க்கரையையும் பால் எனச் சொல்லப்பட்ட வெண்ணிற நீர்மத்தையும் கடுமையாகச் சாடுகிறார். அவர் எழுப்பியது சுவை பற்றிய குறையன்று. கட்டணம் பெறும் நிறுவனம் பயணியின் உடல்நலத்திற்குப் பொறுப்பேற்க வேண்டும் என்பதேயாகும்.

தீட்டும் தூய்மையும்

பொறுப்பேற்பார் இல்லாத அவ்விடத்தைச் சாதியும் சமயமும் நிரப்பின. நிலையங்களில் இந்துக்களுக்கும் முசுலிம்களுக்கும் தனித்தனியே குடிநீர் வழங்கப்பட்டது. தென்னாட்டு நிலையங்களின் உணவு விடுதிகளில் பிராமணருக்கும் பிராமணர் அல்லாதாருக்கும் தனித்தனி இடங்கள் ஒதுக்கப்பட்டன. இவை தூய்மையின் பெயரால் நியாயப்படுத்தப்பட்டன. ஆனால் நோயைப் பரப்புவது நீரில் கலந்த கழிவேயன்றி, அதனை முகந்தவரின் பிறப்பன்று. குடங்கள் வேறாயினும் கிணறு மாசுபட்டிருப்பின் இருவரும் ஒருங்கே நோயுறுவர். யார் சமைத்தார் என்னும் வினா, எவ்வாறு சமைத்தார் என்னும் வினாவை மறைத்துவிட்டது.

சுயமரியாதை இயக்கத்தார் இப்பிரிவினையைத் தொடர்ந்து எதிர்த்தனர். 1941இல் தென்னாட்டுத் தொடர்வண்டி நிலைய உணவு விடுதிகளில் பிராமணருக்கெனத் தனியிடம் வைக்கும் வழக்கம் நீக்கப்பட்டது. இது சமூக நீதி வரலாற்றில் இடம்பெறும் நிகழ்ச்சி. உணவுச் சுகாதார வரலாற்றிலும் அதற்கு இடமுண்டு. ஒரே கூடத்தில் அனைவரும் உண்ணும்போதுதான் அக்கூடத்தின் சமையலறையும் நீரும் அனைவரின் அக்கறைக்கும் உரியனவாகின்றன.

பழமரபை மீட்பதென்பது தீட்டையும் மீட்பதாக முடிந்துவிடலாகாது. இத்சிங் கண்ட வடிதுணி, அடுக்களையின் புளிக்காய்ச்சல், தண்ணீர்ப்பந்தலின் நீர்மோர் ஆகியன யார் செய்தாலும் பயன் தருவன. தொட்டவரை நோக்கிய விலக்குகளுக்கு அத்தகைய பயன் இல்லை. 1971இல் வங்கதேச ஏதிலியர் முகாமில் வாந்திபேதியால் வாடியோருக்கு மருத்துவர் திலீப் மகலனாபிசு உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைப் பருகக் கொடுத்து எண்ணற்றோரைக் காத்தார். நீரோடு உப்பையும் சேர்த்துத் தந்தால் உடல் தேறும் என்பதை உப்பிட்ட கஞ்சியும் நீர்மோரும் பட்டறிவால் ஓரளவு அறிந்திருந்தன. அளவறிந்து கலக்கும் முறையை அறிவியல் தந்தது.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால், வழியுணவின் நலம் மூன்று தூண்களின்மேல் நின்றமை விளங்கும். கெடாத உணவைத் தானே கட்டிச்செல்லும் பயணியின் அறிவு ஒன்று. அந்நிலத்து உணவையும் நீரையும் தந்த ஊரின் கடமை மற்றொன்று. நோயுற்றோரின் உடல்நிலையறிந்து உணவளித்த பொது நிறுவனம் மூன்றாவது. தொடர்வண்டிக் காலம் முதலிரண்டையும் தளரச் செய்தது. மூன்றாவதை உடனே உருவாக்கவில்லை. 1999இல் தொடர்வண்டி உணவிற்கெனத் தனிக் கழகம் தோன்றியதும், 2006இல் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் இயற்றப்பட்டதும் அம்மூன்றாம் தூணை மீண்டும் எழுப்பும் முயற்சிகளாகக் கொள்ளத்தக்கன.

எனினும் சட்டத்தால் மட்டும் இது நிறைவுறாது. கட்டுச்சோறு பற்றிய அடுக்களை அறிவு ஏட்டில் ஏறாமலேயே மறைந்து வருகிறது. வட்டாரந்தோறும் வழியுணவு வகைகளையும், அவற்றைக் கெடாமல் காத்த முறைகளையும், அவற்றிற்கு வழங்கிய சொற்களையும் மூத்தோரிடமிருந்து திரட்டுவது தமிழ்த்துறைகள் மேற்கொள்ளத்தக்க பணியாகும். சத்திர ஆவணங்களில் உள்ள உணவுக் கணக்குகளை மருத்துவ நூல்களோடு ஒப்பிட்டு ஆராய்வதும் தேவை. ஆற்றுணா என்னும் ஒரு சொல்லுக்குள் மொழியும் மருத்துவமும் சமூக வரலாறும் இணைந்து கிடப்பதை அவ்வாய்வுகள் மேலும் தெளிவாக்கும்.